கார்க் கதவில் ஒரு கண்ணாடி இழைச் சுவர்

பழனியிலிருந்து நெய்க்காரப்பட்டிக்கு ஒரு காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நாதசுரம் தெளிவாகக் கேட்கிறது. தவிலில் வலந்தலையும் கேட்கிறது. ஆனால் தொப்பியின் கனத்த ஓசை மட்டும் எங்கோ போய்விட்டது. ஓட்டுநர் ஒலியைக் கூட்டுகிறார். அப்போதும் தொப்பி வரவில்லை. கதவுதான் கடகடவென்று நடுங்குகிறது. "ஸ்பீக்கர் சரியில்லை, இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டும்" என்கிறார் அவர்.

பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றம் இருக்காது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் குற்றம். இதைச் சரிசெய்யச் சிலர் பட்டறையில் 'பைபர் வேலை' செய்து, அந்தக் காருக்கென்றே ஒரு தாங்கியைக் கண்ணாடி இழையில் வார்த்துக்கொள்கிறார்கள். பார்ப்பவர்கள் அதை ஓர் அலங்காரம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு சுவர். அந்தச் சுவர் எதை எதிலிருந்து பிரிக்கிறது என்பதை முதலில் காண்போம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது அதன் முன்னால் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் கூம்பின் பின்னால் உள்ள காற்று தளர்கிறது. ஆகவே ஒரு ஸ்பீக்கரிலிருந்து எப்போதும் இரண்டு ஒலிகள் புறப்படுகின்றன. ஒன்று மேடு என்றால் மற்றது பள்ளம். பின்னால் பிறந்த பள்ளம் விளிம்பைச் சுற்றி முன்னே வந்து மேட்டை நிரப்பிவிட்டால் மிஞ்சுவது என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வெயில் காலத்தில் நம் பக்கத்துக் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. தொப்பியின் ஓசை 100 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் அதன் அலைநீளம் 3.5 மீட்டர். 16 செ.மீ. விட்டமுள்ள ஸ்பீக்கரின் பின்னாலிருந்து முன்னால் வர ஒலி கடக்க வேண்டிய தூரமோ ஒரு சாண் கூட இல்லை. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது அற்பம். எனவே மேடும் பள்ளமும் ஒரே இடத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 2,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 17.5 செ.மீ. தான். அங்கே இந்த அழிவு ஒழுங்காக நிகழ்வதில்லை. நாதசுரம் தப்பி, தொப்பி மடிவது இதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். பழைய வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, கம்பி இணைப்போடு கையில் பிடித்துப் பாட்டை ஓட விடுங்கள். ஒலி தகரம்போல் ஒல்லியாக இருக்கும். ஒரு பெரிய அட்டையில் கூம்பின் அளவுக்கு வட்டத் துளை வெட்டி, ஸ்பீக்கரை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். மின்திறன் மாறவில்லை, ஆனால் ஓசைக்கு உடம்பு வந்துவிடும்! அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் இன்றைய சுருள்வகை ஒலிபெருக்கியை 1925-இல் விவரித்தபோதே இத்தகைய தடுப்புப் பலகையின் தேவையையும் கூறியிருந்தார்கள்.

இனி கார்க் கதவைப் பாருங்கள். உள்ளே மெல்லிய எஃகுத் தகடு. கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறியைப் பழுதுபார்ப்பதற்காக அதில் பெரிய பெரிய ஓட்டைகள். அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். பின்பக்க ஒலி வெளியேற இத்தனை வழிகள் இருக்கின்றன. ஸ்பீக்கரைத் தாங்கும் வளையமும் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த வளையத்தின்மேல் விழும் விசை எவ்வளவு? கூம்பும் சுருளும் சேர்ந்து 15 கிராம் என்போம். அவை 50 ஹெர்ட்ஸில் 4 மி.மீ. வீச்சில் ஆடினால், உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 40 மடங்கு. விசை சுமார் 6 நியூட்டன், அதாவது 600 கிராம் எடைக்கல் அளவு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதே விசை தாங்கியைப் பின்னோக்கித் தள்ளும். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட கல் ஒன்று நொடிக்கு 50 முறை கதவை முன்னும் பின்னும் இடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கதவு கடகடப்பதில் வியப்பில்லை.

ஆகவே தாங்கி இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: முன்பின் ஒலிகளைப் பிரிக்க வேண்டும், தான் அசையாமல் இருக்க வேண்டும்.

இதற்குக் கண்ணாடி இழைதான் மிகச் சிறந்த பொருளா? இல்லை என்பதே நேர்மையான விடை. ஒரே எடையுள்ள தகடுகளை ஒப்பிட்டால் வளையாமல் நிற்பதில் கண்ணாடி இழைத் தகடு எஃகைவிடச் சுமார் 5 மடங்கு மேல். ஆனால் நல்ல ஒட்டுப்பலகை இரண்டையும் தோற்கடித்துவிடும். தட்டையான இடத்தில் 18 மி.மீ. ஒட்டுப்பலகை வளையம் போதும். பைபர் வேலைக்குப் பணம் செலவழிப்பது வீண். கதவு தட்டையாக இல்லாதபோதுதான் கண்ணாடி இழைக்கு வேலை வருகிறது. எந்த வளைவுக்கும் அது இணங்கும். இறுகிய பின் அந்த வளைவே அதற்கு வலுவாகும். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குமல்லவா? அதில் சாதாரண மரத்தூள் பலகை ஊதிப்போகும், இது போகாது.

இந்தக் குணங்களுக்காகத்தான் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982-இல் 'டால்பின்' காரின் உடலையே கண்ணாடி இழையில் செய்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரைகளில் பெருகிய பைபர் படகுகளும் இதே பொருள்தான்.

துணி போடும் கணக்கு

வேலையின் மிக அழகான பகுதி இனிமேல்தான். முதலில் ஒட்டுப்பலகையில் ஸ்பீக்கர் அளவுக்கு ஒரு வளையம் வெட்டுவார்கள். அதைக் கேட்பவரின் முகம் நோக்கிச் சாய்த்து, சிறு குச்சிகளால் அடித்தளத்தின்மேல் நிறுத்துவார்கள். கூம்பின் அளவைவிட அலைநீளம் குறையும்போது ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் நேரே பாய்கிறது, சாய்வு அதற்காகத்தான். பிறகு வளையத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே பனியன் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பக்கத்தில் திருப்பூர் இருக்க, துணிக்குப் பஞ்சமில்லை.

இழுத்த துணி தானாகவே ஒரு வடிவம் எடுக்கிறது. இரண்டு கம்பி வளையங்களுக்கு நடுவே சோப்புப் படலம் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அது இடுப்பு ஒடுங்கிய உடுக்கைபோல் நிற்கும். துணியும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒரு திசையில் மேலே வளைந்தும், அதற்குக் குறுக்கே கீழே வளைந்தும் குதிரைச் சேணம்போல் அமைகிறது. இப்படி இருவழி வளைந்த பரப்பை மடக்குவது கடினம். தட்டையான தாளையும் நீளவாக்கில் சற்று வளைத்த தாளையும் ஒரு முனையில் பிடித்துப் பாருங்கள். முன்னது தொங்கும், பின்னது நிற்கும். வளைவு தரும் வலு இது.

துணிமேல் ரெசின் பூசி இறுகியதும், உட்பக்கம் கண்ணாடி இழைப் பாய்களை ரெசினில் நனைத்து ஒட்டுவார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஓர் அடுக்கு போட்டால் சுமார் 1 மி.மீ. தடிமன் கிடைக்கும். வளைவு எதிர்ப்பு தடிமனின் மும்மடியில் உயர்வதால், 2 மி.மீ. என்பதை 4 மி.மீ. ஆக்கினால் 8 மடங்கு விறைப்பு. வெளியே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ரெக்சின் ஒட்டுவதெல்லாம் கண்ணுக்காக.

ரெசின் என்னும் நெருப்பு

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ரெசின் என்பது பாலியெஸ்டரை ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைத்த குழம்பு. அதில் கடைகளில் 'கேட்டலிஸ்ட்' என்று தரும் மெத்தில் ஈத்தைல் கீட்டோன் பெராக்சைடை 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் சேர்த்தால், ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கிடையே பாலமிட்டு எல்லாவற்றையும் ஒரே வலையாக்கிவிடும். அதை விரைவுபடுத்த ஊதா நிறக் கோபால்ட் திரவம் ஒன்று உண்டு. இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கி முடித்த பிறகே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். பெராக்சைடின் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்க யாரையும் விடாதீர்கள்.

பிணைப்பு நிகழும்போது வெப்பம் பிறக்கிறது. வெப்பம் பிறப்பது கன அளவைப் பொறுத்தது. வெளியேறுவதோ பரப்பளவைப் பொறுத்தது. எனவே குறுகிய குவளையில் அரை லிட்டர் ரெசினைக் கலக்கி வைத்தால் அது தானே சூடேறிப் புகையும். அகன்ற தட்டில் மெல்லிதாக ஊற்றினால் அமைதியாக இருக்கும். சூழல் 10 டிகிரி உயர்ந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிறது என்பதையும் சித்திரை வெயிலில் வேலை செய்பவர் மறக்கலாகாது.

இன்னொன்று. ஸ்டைரீனின் ஆவி சுமார் 31 டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிடும். திண்டுக்கல் சமவெளியில் அது கோடையின் காலைநேர வெப்பம்! பக்கத்தில் வெல்டிங் நடக்கும் பட்டறையில் ரெசின் பூசுவது எத்தகைய செயல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் மிகுந்த பொருள்களின் வரிசையில் வைத்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. செயலூட்டிய கரி அடைத்த முகமூடி வேண்டும். தகரக் கொட்டகைக்குள் நாள்தோறும் இதைப் பூசிக்கொண்டிருக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது வாங்கித் தரப்படுகிறது?

வடிவத்துக்குத் தெர்மாகோல் வைத்து மேலே ரெசின் பூசலாமே என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. தெர்மாகோல் என்பதே இறுகிய ஸ்டைரீன்தான். தன் இனத்தைக் கண்டதும் அது கரைந்து காணாமல் போய்விடும்.

கடைசியாக ஒரு பொதுவான தவறு. அழகாக இருக்கிறதென்று தாங்கியின் முதுகையும் மூடிச் சிறு பெட்டியாக்கிவிடுகிறார்கள். அடைபட்ட காற்று ஒரு வில்சுருள். பெட்டி சிறிதானால் வில் கடினமாகும். கூம்பின் தொங்கலுக்கு நிகரான காற்றின் கன அளவு 15 லிட்டர், பெட்டி 5 லிட்டர் என்றால், ஒத்ததிர்வு அதிர்வெண் 4-இன் வர்க்கமூலம், அதாவது 2 மடங்காகிறது. 60 ஹெர்ட்ஸில் இருந்தது 120-க்கு ஏறும். எந்தத் தொப்பிக்காக வேலையைத் தொடங்கினோமோ அது மறுபடியும் போய்விடும். பெரும்பாலான கார்களில் முதுகைத் திறந்தே விட்டு, கதவின் உள்வெளியைப் பெட்டியாகப் பயன்படுத்துவதும், தகட்டின் ஓட்டைகளை அடைப்பதும் மேல். கண்ணாடி இறங்கும் பாதை, காற்றுப்பை, கதவுக்குள் அதற்கான உணர்வி இருந்தால் அது, இவற்றைத் தொடக்கூடாது.

தாங்கியைப் பொருத்தியதும் 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைத் தொனியை ஒலிக்க விட்டு, விரல் நுனிகளால் கதவைத் தடவிப் பாருங்கள். எந்த இடம் எந்த அதிர்வெண்ணில் துடிக்கிறதோ அந்த இடத்தில் உள்ளே இன்னும் ஓர் அடுக்குப் பாய் ஒட்ட வேண்டும்.