படைத்தலைவர் கார்ல் ஷூர்ஸ்

பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டில் குடியேறுவோர், 'நீங்கள் எங்களைச் சேர்ந்தவர்தாமா?' என்னும் ஐயப் பார்வையைப் பல வேளைகளில் எதிர்கொள்கின்றனர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் ஷூர்ஸ், இந்த ஐயத்தைப் போர்க்களத்திலேயே சந்தித்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கிளர்ச்சியும்

கார்ல் ஷூர்ஸ் 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், கொலோன் நகருக்கு அருகிலுள்ள லிப்லார் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பள்ளி ஆசிரியர்.

அக்காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவை ஒன்றாக இணைய வேண்டும், ஆட்சியில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்னும் கோரிக்கைகளுடன் 1848இல் கிளர்ச்சி எழுந்தது. பான் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஷூர்ஸ், தம் பேராசிரியர் கிங்கெலுடன் அதில் பங்கேற்றார்.

1849இல் கிளர்ச்சியாளர் தங்கியிருந்த ராஸ்டாட் கோட்டையைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டு வென்றது. பிடிபட்டால் மரண தண்டனை கிடைக்கும் என்று ஷூர்ஸ் அஞ்சினார். எனவே, தோழர் இருவருடன் கழிவுநீர்க் கால்வாய் வழியாக ஊர்ந்து வெளியேறி, ரைன் ஆற்றைக் கடந்து பிரான்சு நாட்டை அடைந்தார்.

தாம் தப்பியது அவருக்கு நிறைவு அளிக்கவில்லை. பேராசிரியர் கிங்கெல் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் வாடினார். 1850இல் ஷூர்ஸ் மறைவாகத் தாய்நாட்டிற்குத் திரும்பினார். நவம்பர் மாத இரவொன்றில், சிறைக்காவலர் ஒருவரின் உதவியுடன், ஆசிரியரைக் கயிற்றின் வழியே கீழே இறங்கச் செய்து மீட்டார். பின்னர் இருவரும் கப்பலேறிப் பிரிட்டனை அடைந்தனர்.

புதிய நாடு, புதிய மொழி

1852இல் இலண்டனில் மார்கரெத் என்னும் பெண்மணியை மணந்த ஷூர்ஸ், அதே ஆண்டில் அமெரிக்காவில் குடியேறினார். அப்போது அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதளவே தெரியும். நாள்தோறும் செய்தித்தாளை விளம்பரங்கள் உட்பட அகராதியின் துணையுடன் படித்தார். பிறகு ஆங்கில உரைநடைப் பகுதிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து எழுதினார். சில நாள் கழித்து, தம் மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்தில் ஆக்கி, மூலத்துடன் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்திக்கொண்டார். புதிய மொழியைக் கற்பதற்குத் தாய்மொழியே அவருக்கு ஏணியாக அமைந்தது.

அவர்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் வாழ்ந்தனர். அங்கு 1856இல் மார்கரெத் அம்மையார் சிறு குழந்தைகளுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் எனப் போற்றப்படுகிறது. நாம் 'கே.ஜி. வகுப்பு' என்று கூறுவது இச்சொல்லின் சுருக்கமே. 'குழந்தைகளின் தோட்டம்' என்பது இந்த ஜெர்மன் சொல்லின் பொருள்.

ஷூர்ஸ் இரு மொழிகளிலும் சிறந்த சொற்பொழிவாளர் ஆனார். அடிமை முறையை எதிர்த்துப் பேசினார். 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனுக்காக ஜெர்மானியக் குடியேறிகளிடம் ஆதரவு திரட்டினார்.

போர்க்களத்தில்

அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்கள் பிரிந்து செல்ல முயன்றதால், 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஸ்பெயினில் அமெரிக்கத் தூதராக இருந்த ஷூர்ஸ், அப்பதவியைத் துறந்து 1862இல் படைத்தலைவர் ஆனார். ஜெர்மனியில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வடக்குப் படையில் பணியாற்றினர்.

1863 மே 2ஆம் நாள் சான்சலர்ஸ்வில் என்னுமிடத்தில் பெரும் சோதனை வந்தது. எதிரிப் படை மேற்குத் திசையில் நகர்வதை அறிந்த ஷூர்ஸ், படையை அத்திசை நோக்கித் திருப்பி நிறுத்துமாறு மேலதிகாரி ஹோவார்டிடம் வேண்டினார். எதிரிகள் பின்வாங்குகின்றனர் என்று எண்ணிய ஹோவார்டு அதை ஏற்கவில்லை. எனினும் ஷூர்ஸ் தம் பொறுப்பிலேயே சில படைப்பிரிவுகளை மேற்கு நோக்கி நிறுத்தினார்.

மாலையில் வீரர்கள் உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். திடீரெனக் காட்டிலிருந்து மான்களும் முயல்களும் மிரண்டு ஓடிவந்தன. அவற்றின் பின்னே 25,000க்கும் மேற்பட்ட எதிரி வீரர்கள் பாய்ந்து வந்தனர். ஷூர்ஸ் திருப்பி நிறுத்திய பிரிவுகள் சிறிது நேரம் உறுதியுடன் போரிட்டன. ஆயினும், அப்படை நிலைகுலைந்து பின்வாங்கியது.

'ஜெர்மானியர் கோழைகள், அவர்கள் ஓடியதால்தான் தோற்றோம்' எனச் செய்தித்தாள்கள் பழி தூற்றின. அப்படையில் பாதிக்கும் குறைவானவர்களே ஜெர்மானியர் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எச்சரிக்கையைப் புறக்கணித்த தலைமையின் தவறு, குடியேறியவர்களின் தலையில் சுமத்தப்பட்டது. உண்மையை உலகறியத் தம் அறிக்கையை வெளியிடுமாறு ஷூர்ஸ் வேண்டினார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

மனம் புண்பட்ட போதிலும் அவர் படையை விட்டு விலகவில்லை. இரண்டு திங்களுக்குப் பின் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரிலும் தம் வீரர்களை வழிநடத்தினார்.

பிற்காலம்

போர் முடிந்தபின், ஜெர்மனியில் பிறந்தவருள் அமெரிக்க மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் என்னும் சிறப்பை 1869இல் பெற்றார். 1877 முதல் 1881 வரை உள்துறைச் செயலாளராகப் பணியாற்றினார். 1906இல் நியூயார்க்கில் மறைந்தார்.

முதுமையில் அவர் தம் வரலாற்றை எழுதினார். இளமைக்காலத்தை ஜெர்மன் மொழியிலும், அமெரிக்க வாழ்க்கையை ஆங்கிலத்திலும் எழுதினார். ஒரு மொழியைப் பெறுவதற்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்நூலே சான்றாகும்.

சொல்லும் பொருளும்

கிளர்ச்சி – மக்கள் எழுச்சி
முற்றுகை – பகைவரைச் சூழ்ந்து வளைத்தல்
நிலைகுலைதல் – ஒழுங்கு சிதறுதல்
பழி – குற்றச்சாட்டு

பயிற்சி

1. ஷூர்ஸ் மீண்டும் தாய்நாட்டிற்குச் சென்றது ஏன்?
2. அவர் ஆங்கிலம் கற்ற முறையை உம் சொற்களில் எழுதுக.
3. சான்சலர்ஸ்வில் தோல்விக்கு ஜெர்மானியரைப் பழித்தது சரியா? காரணம் தருக.
4. ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஐந்து தொடர்களைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் பெயர்க்க. மூன்று நாள் கழித்து அவற்றை மீண்டும் அம்மொழியில் எழுதி, மூலத்துடன் ஒப்பிடுக.
5. உம் குடும்பத்தில் முதன்முதலில் ஊரை விட்டு வந்தவர் யார்? பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.