யார் பக்கமும் இல்லை – 14: மீனம்பாக்கத்தில் இறங்கிய விமானங்கள்

பெரியதாழைக் கரையில் வள்ளத்து மோட்டாரைக் கிளப்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் கொஞ்சம் பெட்ரோல். கயிற்றைச் சுண்டி இழுத்து, மோட்டார் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பெட்ரோலிலேயே ஓட்டினால் கிடைக்கிற மீன்பாட்டுக்குக் கட்டுபடியாகாது. 1990 ஆகஸ்ட் 2இல் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். அந்தச் சண்டை நம் கடற்கரைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டு கேன்கள் வழியாகத்தான். வளைகுடாவில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வீடுகளுக்கு ரேடியோச் செய்தி வழியாகவும் வந்தது.

அப்போது பிரதமர் வி.பி.சிங். ஈராக்கைக் கடிந்து பேசத் தயக்கம், அமெரிக்காவோடு சேரவும் மனமில்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைக் கட்டித் தழுவிய படம் நாட்டுக்கு நிறைய ஏச்சு வாங்கித் தந்தது. எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. குவைத்தில் சுமார் 1,70,000 இந்தியர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சதாம் வழிவிடாமல் அவர்கள் ஜோர்டான் எல்லையைத் தொட்டிருக்க முடியாது. அம்மானுக்கும் பம்பாய்க்கும் இடையே 488 முறை விமானம் விட்டு, 1,10,000 பேருக்கு மேல் அழைத்து வந்தார்கள்.

நவம்பரில் ஆட்சி சந்திரசேகர் கைக்கு வந்தது. சொந்த எம்.பி.க்கள் அறுபது சொச்சம். மீதியெல்லாம் ராஜீவ் காந்தி வெளியிலிருந்து காட்டிய தயவு. கையிருப்பு அந்நியச் செலாவணியோ சில வாரத்து இறக்குமதிக்கே தாங்கும். பெட்ரோலுக்கு ஏற்கெனவே வளைகுடா மேல்வரி போட்டாயிற்று. 1991 ஜனவரியில் பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கினோம். அங்கே அதிக ஓட்டு அமெரிக்காவுக்கு. அதே ஜனவரியில்தான், பிலிப்பைன்ஸிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்கள் பம்பாய், ஆக்ரா, நம் மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் போடுகிறேன். கடன்காரனுக்கு நடுநிலை எட்டாத சரக்கு.

அனுமதி கொடுத்ததைக்கூட மன்னிக்கலாம், ஊருக்குச் சொல்லாமல் கொடுத்ததை எப்படி மன்னிப்பது? சேதி கசிந்த பிறகே, ஆயுதம் ஏற்றாத விமானங்கள்தான், வழக்கமாக நடப்பதுதான் என்று விளக்கம் வந்தது. அணிசேராக் கொள்கை என்ன ஆயிற்று என்று பாய்ந்தார் ராஜீவ். அவருக்கு டெல்லியில் அப்போது வேறு கணக்கும் இருந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், ஜனவரி 30இல் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டதில் காங்கிரசின் நெருக்குதலுக்குப் பங்குண்டு. அந்த அமளியில் மீனம்பாக்கத்து விமானங்கள் தமிழ்நாட்டில் பின்னுக்குப் போயின.

பிப்ரவரியில் அனுமதி நின்றது. மாதக் கடைசியில் போரும் நின்றது. மார்ச் 6இல் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். காரணம் விமானமோ எண்ணெயோ அல்ல: ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்களாம்.

(தொடரும்)