ஞானஸ்நானம் இல்லை, நற்கருணை இல்லை: இரட்சணிய சேனை திருச்சபையின் தோற்றமும் நம்பிக்கைகளும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் கவடியார் பகுதியில், அரண்மனைக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு வளாகத்தில் 'சேனை' ஒன்றின் தலைமையகம் இயங்கி வருகிறது. அதன் உறுப்பினர்கள் 'வீரர்கள்' என்றும், போதகர்கள் லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்றும் அழைக்கப்படுகின்றனர். பாங்கோடு ராணுவ முகாமுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மலையாளத்தில் 'ரக்ஷா சைன்யம்' என்றும், தமிழில் 'இரட்சணிய சேனை' என்றும் வழங்கப்படும் சால்வேஷன் ஆர்மி என்ற நற்செய்தி திருச்சபையின் தென்மேற்கு இந்திய மண்டலத் தலைமையகமே அது.

பலர் இதனை ஒரு தொண்டு நிறுவனமாக மட்டுமே அறிந்திருக்கின்றனர். ஆனால் தனக்கெனக் கோட்பாடுகளும், வழிபாட்டு முறையும், போதகர் பயிற்சியும் கொண்ட முழுமையான திருச்சபை இது. கிறிஸ்தவத்தின் அடையாளங்களாகவே கருதப்படும் ஞானஸ்நானத்தையும் நற்கருணையையும் இத்திருச்சபை அனுசரிப்பதில்லை. குர்பானாவை மையமாகக் கொண்டு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வரும் கேரளக் கிறிஸ்தவச் சூழலில் இது சிறிய வேறுபாடு அல்ல.

லண்டன் தெருக்களில் தொடக்கம்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1829-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் பூத், மெதடிஸ்ட் மரபைச் சேர்ந்த போதகர். ஓர் ஊரில் நிலையாக இருந்து ஊழியம் செய்வதைவிட ஊர் ஊராகச் சென்று பிரசங்கிப்பதையே அவர் விரும்பினார். அதற்கு இடம் தரப்படாததால் 1861-இல் தமது சபைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1865-இல் கிழக்கு லண்டனின் வறிய மக்களிடையே, மனைவி கேத்தரின் பூத்துடன் இணைந்து அவர் தொடங்கிய பணி, பின்னர் 'கிறிஸ்தவ மிஷன்' என்று பெயர் பெற்றது. 1878-இல் அந்த அமைப்பே 'சால்வேஷன் ஆர்மி' ஆனது. சீருடை, கொடி, இசைக்குழு, பதவிநிலைகள் என அனைத்தும் படையின் சாயலில் அமைந்தன. தலைவர் 'ஜெனரல்' ஆனார்.

புதிய திருச்சபை ஒன்றை உருவாக்குவது பூத் தம்பதியரின் தொடக்ககால நோக்கம் அல்ல. தங்கள் கூட்டங்களில் மனந்திரும்பியவர்களை ஏற்கனவே உள்ள சபைகளுக்கு அனுப்பி வைக்கவே அவர்கள் முயன்றனர். ஆனால் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களையும் கந்தல் உடுத்தியவர்களையும் அச்சபைகள் மனமுவந்து ஏற்கவில்லை. அதன் விளைவாகவே சேனை தனித்த திருச்சபையாக வளர்ந்தது.

பெயர் மாற்றிக்கொண்ட அதிகாரி

இந்தியாவுக்கு இச்சேனையைக் கொண்டுவந்தவர் ஃபிரெடெரிக் டக்கர். பீகாரின் முங்கேரில் 1853-இல் பிறந்து, இந்தியக் குடிமைப் பணியில் பஞ்சாபில் பணியாற்றியவர். அப்பதவியைத் துறந்து சேனையில் சேர்ந்த அவர், 1882 செப்டம்பர் 19 அன்று மூன்று தோழர்களுடன் பம்பாயில் வந்திறங்கினார். பாட்டும் மேளமுமாகத் தெருவில் ஊர்வலம் சென்றதற்காக அவர்களைக் காவல்துறை கைது செய்தது. டக்கர் சிறைக்கும் சென்றார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அவர்களுக்கு ஆதரவாகக் குரல் எழுப்பியது அன்று பெரிதும் பேசப்பட்டது.

டக்கர் தமது பெயரை 'பக்கீர் சிங்' என மாற்றிக்கொண்டார். தோழர்களும் இந்தியப் பெயர்களைச் சூடி, காவி உடுத்தி, வெறுங்காலுடன் நடந்து, உள்ளூர் உணவை உண்டனர். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு இது தங்கள் இனத்தின் மதிப்பைக் குலைக்கும் செயலாகத் தோன்றியது. இந்த எளிமைக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், பங்களா வாழ்க்கையைவிட்டு வெளிவராத ஏனைய மிஷனரிகளிடமிருந்து இவர்களை வேறுபடுத்திக் காட்டியது இந்த நடைமுறையே.

தென்கோடியில் சேனையின் பணி 1892 மே 27 அன்று தொடங்கியதாக அதன் வரலாற்றுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இன்றைய குமரி மாவட்டத்தின் மருந்துவாழ் மலையில், மேஜர் தேவசுந்தரம் மூன்று அதிகாரிகளுடன் உபவாசமிருந்து ஜெபித்தபோது பெற்ற தரிசனமே அதற்கு வித்திட்டது என்பது சேனையின் நம்பிக்கை. திருவனந்தபுரத்தில் 1896 மார்ச் 8 அன்று பணியைத் தொடங்கியவர் கேப்டன் யேசுதாசன் சஞ்சீவி. அவர் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் கிறிஸ்தவரானவர்.

நாகர்கோவிலின் கேத்தரின் பூத் மருத்துவமனையைத் தென் தமிழகத்தில் அறியாதவர் குறைவு. 1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளம் அதிகாரி, சேனைக் கட்டடத்தின் குளியலறையில் தொடங்கிய மருந்தகமே அதன் மூலம். மருத்துவர் பெர்சி டர்னர் 1900-இல் வந்த பின்னர் அது மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் பிற்காலத்தில் இந்திய மருத்துவப் பணியில் கேப்டனாகி, 1919-இல் வசீரிஸ்தானில் காயமுற்றோரைக் காக்கும் முயற்சியில் உயிரிழந்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. பெயரளவில் மட்டும் கேப்டன்களைக் கொண்ட ஒரு சேனையிலிருந்து மெய்யான போர்க்களத்துக்குச் சென்ற விந்தையான வாழ்க்கை அது.

11 கோட்பாடுகள்

சேனையின் நம்பிக்கை 11 கோட்பாடுகளில் அடங்கும். வேதாகமமே விசுவாசத்திற்கும் வாழ்க்கைக்கும் அளவுகோல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக தேவன். இயேசு முழுமையான தேவனும் முழுமையான மனிதரும் ஆவார். அவரது மரணம் உலக மக்கள் அனைவருக்குமான பரிகாரம். மனந்திரும்புதலும் விசுவாசமும் மறுபிறப்பும் இரட்சிப்புக்கு அவசியம். இவை பெரும்பாலான நற்செய்தி சபைகளுக்குப் பொதுவானவை. வேறுபாடு பிற்பகுதியில் வருகிறது. ஒருமுறை பெற்ற இரட்சிப்பு தானாக நிலைத்துவிடாது. கீழ்ப்படிதலுள்ள விசுவாசம் தொடர்ந்தால்தான் அது நீடிக்கும் என்கிறது ஒரு கோட்பாடு. விசுவாசிகள் இம்மையிலேயே முழுமையான பரிசுத்தத்தை அடைய முடியும் என்கிறது மற்றொன்று. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபு இவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

சடங்குகளை 1883-இல் வில்லியம் பூத் கைவிட்டார். அவை இரட்சிப்புக்கு இன்றியமையாதவை அல்ல என்பது அவரது முதன்மை வாதம். எவ்வாறு ஞானஸ்நானம் கொடுப்பது என்ற பிணக்கில் சபைகள் பிளவுபட்டிருந்ததும் அவரை யோசிக்க வைத்தது. குடியை விட்டவர்களின் உதட்டருகே திராட்சரசக் கிண்ணத்தைக் கொண்டுசெல்வதில் இருந்த ஆபத்து வேறு. பெண்கள் நற்கருணை வழங்குவதை அக்காலச் சமூகம் ஏற்காது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சடங்குகளை அனுசரிக்கும் பிற சபைகளைச் சேனை குறை கூறுவதில்லை.

ஞானஸ்நானத்தின் இடத்தில் இங்கு இருப்பது, கொடியின் கீழ் நின்று கையொப்பமிடும் உடன்படிக்கை. மது, புகையிலை, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவற்றை அறவே விலக்குவதாக ஒவ்வொரு வீரரும் அதில் உறுதியளிக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பிரதிஷ்டை ஆராதனை மட்டுமே உண்டு. ஆலயத்தில் பலிபீடம் இருக்கும் இடத்தில் 'கிருபாசனம்' எனப்படும் நீண்ட பலகை காணப்படும். மனந்திரும்ப விரும்புவோர் அதன் அருகில் முழங்காலிட்டு ஜெபிப்பர்.

பெண்களின் பிரசங்க உரிமையை வலியுறுத்தி கேத்தரின் பூத் 1859-இலேயே எழுதியிருந்தார். சேனையில் கணவன், மனைவி இருவருமே பயிற்சி பெற்ற அதிகாரிகள். 1934-இல் இவாஞ்சலின் பூத் முதல் பெண் ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா திருச்சபைகளில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லாத கேரளத்தில், சேலையே சீருடையாக அணிந்த பெண் மேஜர்கள் பிரசங்க மேடையில் நிற்பது கவனிக்கத்தக்கது. எனினும் திருமணமான பெண் அதிகாரிகள் நீண்டகாலம் கணவரின் பதவிநிலையைக் கொண்டே அறியப்பட்டனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சாதியும் சான்றிதழும்

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் கோயிலும் பொதுச்சாலையும் பள்ளியும் மறுக்கப்பட்டிருந்த புலையர், பறையர் உள்ளிட்ட சமூகத்தினர் பெருமளவில் சேனையில் சேர்ந்தனர். பழமையான சிரியன் கிறிஸ்தவ ஆலயங்களில் அவர்களுக்குச் சம இடம் கிடைக்கவில்லை. சீருடை, 'வீரர்' என்ற பெயர், எழுத்தறிவு ஆகியவை அவர்களுக்கு அளித்த மதிப்பைக் கோட்பாடுகளால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அந்த மாற்றத்திற்கு விலையும் இருந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் சீக்கியர்களும் பௌத்தர்களும் மட்டுமே பட்டியலினத்தவராகக் கருதப்படுகின்றனர். கிறிஸ்தவரானவர்கள் அந்த இடஒதுக்கீட்டை இழக்கின்றனர். கேரள அரசுப் பணிகளில், கிறிஸ்தவத்திற்கு மாறிய பட்டியலினத்தவருக்கென 1 சதவீதம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது.

புதுச்சேரி பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டு பட்டியலினச் சலுகை கோர முடியாது என்று கூறியது. அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்ததும் அவ்வழக்கில் கணக்கில் கொள்ளப்பட்டது. ஞானஸ்நானமே இல்லாத ஒரு திருச்சபையில், ஒருவர் எந்த நாளில் கிறிஸ்தவரானார் என்பதைக் காட்டும் ஆவணம், அவர் கையொப்பமிட்ட வீரர் உடன்படிக்கையாகவே இருக்க முடியும்.

குமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்துடன் இணைந்தபோதும் சேனையின் தென்னிந்திய மண்டலம் பிரியவில்லை. 1970 அக்டோபர் 1 அன்றுதான் தமிழ் பேசும் பகுதி தென்கிழக்கு மண்டலமாகத் தனியானது. அதன் தலைமையகம் தற்போது திருநெல்வேலியில் உள்ளது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியலினத் தகுதி வழங்குவது குறித்து ஆராய, கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் ஒன்றை அமைத்தது. அந்த ஆணையத்தின் வரம்புக்குள் இரு மண்டலங்களையும் சேர்ந்த தலித் வீரர்களும் வருகின்றனர்.