திரையில் எழுதும் பரீட்சை

எண்ணெய் வாங்கப் பாத்திரத்துடன் கடைக்குச் சென்றால், கடைக்காரர் முதலில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து அதற்குத் தடை கட்டுவது பழைய வழக்கம். பாத்திரத்தின் எடை எண்ணெயின் எடையோடு சேர்ந்துவிடக் கூடாதல்லவா? பரீட்சையும் ஒரு தராசுதான். அதில் மாணவனின் அறிவை நிறுக்க முற்படுகிறோம். ஆனால் அறிவு தனியாக வந்து தட்டில் அமர்வதில்லை. ஏதேனும் ஒரு பாத்திரத்தில்தான் வருகிறது. தாளும் பேனாவும் தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழகிய பாத்திரம். அதற்கும் எடை உண்டு என்பதையே நாம் மறந்துவிட்டோம். கணிப்பொறியின் திரையும் விசைப்பலகையும் புதிய பாத்திரம். மாணவ நேயர்களே, இதன் எடை எவ்வளவு, அதைக் கழிக்க ஆசிரியரும் மாணவரும் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த மாற்றம் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது. அதன் விளைவைக் கணக்கிட்டும் பார்த்தார்கள். 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பல மாநிலங்கள் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் பொதுவான பாடத்தரங்களை ஏற்றுக்கொண்டன. அத்தரங்களை ஒட்டிய தேர்வுகளை அமைக்க மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து பார்க் என்றும் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்றும் இரண்டு கூட்டமைப்புகளை நிறுவின. மத்திய அரசு அவற்றுக்கு 30 கோடி டாலருக்கு மேல் உதவி அளித்தது. 2014-இல் வெள்ளோட்டம் பார்த்து, 2015 வசந்த காலத்தில் தேர்வை நடத்தினர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள்கூடத் திரையின் முன் அமர்ந்தார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் அரிய வாய்ப்பு நேர்ந்தது. பார்க் தேர்வை மேற்கொண்ட பள்ளிகளுள் சில அதைத் தாளிலும் சில திரையிலும் நடத்தின. பென் பேக்கஸ், ஜேம்ஸ் கோவன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டனர். முன்பு ஒத்த தகுதி உடையவராக இருந்த மாணவர்களுள், திரையில் எழுதியவர்கள் தாளில் எழுதியவர்களைவிடத் தாழ்ந்திருந்தனர். முதலாண்டில் கணிதத்தில் அந்தக் குறை திட்ட விலக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆங்கிலத்திலோ நான்கில் ஒரு பங்கு. புள்ளியியல் பயிலாதவர்களுக்காக இதை வேறு விதமாகச் சொல்கிறேன். நூறு மாணவர்களைத் தகுதிப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்க வேண்டியவன் ஆங்கிலத்தில் சுமார் பத்து இடம் பின்னால் தள்ளப்பட்டான். அவனுடைய ஆங்கில அறிவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பாத்திரத்தின் எடைதான் குறுக்கே வந்தது. இரண்டாம் ஆண்டில் இக்குறை ஓரளவு சுருங்கிற்று. ஆயினும் அடியோடு மறையவில்லை.

கணிதத்தைவிட ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வேறுபாடு? நீண்ட உரைப்பகுதியைத் திரையில் படிப்பவன் அதை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். தாளில் படிக்கும்போது 'அந்தச் செய்தி இடப்பக்கத்தில் மேலே இருந்தது' என்று கண் நினைவு வைத்துக்கொள்கிறது. நகரும் எழுத்துக்கு அத்தகைய நிலையான இடம் இல்லை. அடுத்தது கட்டுரை. இரண்டு விரல்களால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் குழந்தைக்குக் கருத்து முன்னால் ஓடிவிடுகிறது, விரல் பின்தங்கிவிடுகிறது. கணிதத்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. வினா திரையில் இருக்கிறது, வழிமுறை கையிலுள்ள தாளில் இருக்கிறது, விடை மறுபடியும் திரைக்குப் போக வேண்டும். இந்தப் போக்குவரத்தில் ஒரு கழித்தல் குறி உதிர்ந்துவிட்டாலும் விடை தவறுதான்.

இதனினும் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டினர் 2012-இல் நான்காம் வகுப்பினரைக் கணிப்பொறியில் கட்டுரை எழுதச் செய்து, தாளில் எழுதியோருடன் ஒப்பிட்டனர். எழுத்தில் முன்னணியில் இருந்த குழந்தைகள் கணிப்பொறியில் மேலும் சிறப்பாக எழுதினர். பின்தங்கியவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. அதாவது, புதிய பாத்திரத்தின் எடை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வீட்டில் கணிப்பொறி உள்ள பிள்ளைக்கும் பள்ளியில் வாரம் ஒருமுறை அதைத் தொட்டுப்பார்க்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு தடை கட்டினால் நிறுவை சரியாகாது. ஆகவே ஆயத்தம் செய்யும் கடமையை வீட்டிடம் விட்டுவிடாமல், பள்ளிக்கூடமே ஏற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

அந்த ஆயத்தம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இங்கே ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு கூட்டமைப்பு செய்த ஒரு பாகுபாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் கருவிப் பழக்கத்துக்கு ஒரு தேர்வும், பாடப் பயிற்சிக்கு வேறொரு தேர்வும் வைத்தார்கள். முன்னது சுருக்கமானது, சொற்களை இழுத்து உரிய கட்டத்தில் விடுவது, வாக்கியத்துக்கு வண்ணம் தீட்டுவது, பின்னத்தைத் திரையில் அமைப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது ஆகியவற்றைக் கைக்குப் பழக்கும். நம்மவர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, மாதிரித் தேர்வுகளை வாரந்தோறும் நடத்திக்கொண்டே போகிறார்கள். கருவியைப் பழகச் சில மணி நேரம் போதும். தட்டச்சு செய்யக் கற்க மாதங்கள் வேண்டும். பாடத்தைக் கற்கவோ ஆண்டுகள் தேவை. பின்னத்தைத் திரையில் அமைக்கத் தெரியாதவனுக்கு நூறு கணக்குகளைக் கொடுப்பது வீண் வேலை. பின்னமே புரியாதவனைத் திரையில் பழக்குவதும் வீண் வேலையே.

ஆசிரியர் முதலில் தாமே மாணவர் இருக்கையில் அமர்ந்து அத்தேர்வை முழுமையாக எழுதிப் பார்ப்பது நலம். எங்கே கை தடுமாறுகிறது என்பதைச் சுற்றறிக்கை சொல்லாது, அனுபவம் சொல்லிவிடும். நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். 2015-இல் நெவாடா, மான்டானா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் தேர்வின்போது கணினி அமைப்பு பழுதுபட்டு, பல மாணவர்களின் தேர்வு தடைப்பட்டது.

திரைத் தேர்வின் மற்றொரு தன்மையை மாணவர்கள் அறிந்திருத்தல் அவசியம். ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வில் நீங்கள் சரியாக விடையளித்தால் அடுத்து வருவது சற்றுக் கடினமான வினா. தவறினால் சற்று எளிய வினா. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் எழுதும் சாட் தேர்வும், அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச் முதல் திரையில்தான் நடக்கிறது. அதில் ஒவ்வொரு பாடமும் இரு பகுதிகளாக இருக்கும். முதற்பகுதியில் நீங்கள் காட்டும் திறமைக்கு ஏற்ப இரண்டாம் பகுதி அமையும். முதற்பகுதியை முடித்தபின் அதற்குத் திரும்ப இயலாது. இந்த ஏற்பாட்டை அறியாத நல்ல மாணவன், வினாக்கள் வரவரக் கடினமாவதைக் கண்டு தான் தோற்றுவிட்டதாக அஞ்சிச் சோர்ந்துவிடக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது.

நம் நாட்டுப் பொறியியல் நுழைவுத் தேர்வாகிய ஜே.ஈ.ஈ. மெயின் 2019 முதல் கணிப்பொறியில் நடைபெறுகிறது. 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அங்கே விசைப்பலகையைத் தொடக் கூடாது. எண்களையும் திரையில் தோன்றும் பலகையில் சுட்டியால் அழுத்தியே இட வேண்டும். திரையின் ஓரத்தில் வினா எண்கள் கட்டங்களாக நிற்கும்: விடையளித்தது பச்சை, பார்த்தும் விடையளிக்காதது சிவப்பு, மறுபார்வைக்குக் குறித்தது ஊதா. ஒரு விடையைத் தெரிவு செய்துவிட்டு, அதைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் வேறொரு எண்ணுக்குத் தாவினால், அந்த விடை பதிவாகாது. மாதிரித் தேர்வு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் முறை அமரும்போது மதிப்பெண்ணை மறந்து, வேண்டுமென்றே ஒரு விடையைச் சேமிக்காமல் தாவி, அந்தக் கட்டம் என்ன நிறமாகிறது என்று பாருங்கள்.