மேற்பூச்சின் கடினம் அறியும் வகை

கண்ணுக்கு இனிய பூச்சு யாவும் உறுதியுடையன அல்ல. உறுதியுடையன யாவும் எல்லாச் சுவர்க்கும் ஏற்றனவும் அல்ல. கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய வீட்டைச் செப்பனிட முற்படுவோர், "மிகக் கடினமான பூச்சே மிகச் சிறந்தது" என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பொருளின் மேற்பரப்பு, கீறலையும் அழுத்தத்தையும் எதிர்த்து நிற்கும் ஆற்றலே கடினம் எனப்படும். ஆகவே அதனை அறியும் வழிகளும் கீறிப் பார்த்தல், அழுத்திப் பார்த்தல் என முதற்கண் இருவகைப்படும்.

கீறும் முறைக்கு ஒழுங்கு வகுத்தவர் பிரடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர். அவர் 1812-ஆம் ஆண்டில் பத்துக் கனிகளை, பின்னது முன்னதைக் கீறும்படி வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் ஜிப்சம் 2, கால்சைட் 3, வைரம் 10. நம் விரல் நகம் ஏறக்குறைய 2½. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு நாளடைவில் கால்சைட்டாக மாறுகின்றது. ஆதலின் நெருக்கமாகத் தேய்த்து நன்கு முற்றிய பூச்சில் நகம் எளிதிற் பதியாது. இம்மாற்றம் வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லச் செல்வதால், மேலே முற்றியது உள்ளே முற்றாதிருத்தலும் உண்டு. உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தடவினால் முற்றாத பகுதி இளஞ்சிவப்பாகும். முற்றிய பகுதி நிறம் மாறாது.

வர்ணப் பூச்சுக்குப் பென்சிலே கருவியாகும். பல தரப் பென்சில்களை 45 பாகைச் சாய்வில் அழுத்தித் தள்ளி, பூச்சைக் கீறாத பென்சில்களுள் மிகக் கடினமானது எதுவோ, அதன் தரத்தையே பூச்சின் தரமாகக் கொள்வர்.

நிற்க. அழுத்தும் முறையை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சுவீடன் நாட்டுப் பிரினெல். எஃகுக் குண்டினை உலோகத்தின்மேல் அழுத்தி, பதிந்த குழியை அளப்பது அவர் முறை. பூச்சுக்கோ இதில் ஓர் இடர் உண்டு. முலாம் பூசிய நகையின் உட்பொருளை அறிய விரும்பும் தட்டான், ஆழ அராவுவான். நாம் அறிய விரும்புவதோ முலாத்தை. எனவே ஆழச் செல்லலாகாது. ஆழ்ந்து அழுத்தின் அடியிலுள்ள பொருளின் கடினமே விடையாக வரும். குழியின் ஆழம் பூச்சின் கனத்தில் பத்தில் ஒரு பங்கினை மிகலாகாது என்பது பொது விதி. 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சில் 0.005 மில்லிமீட்டரே எல்லை. இதற்கு உதவுவது 1939-இல் அமெரிக்காவில் நூப் என்பாரும் அவர்தம் துணைவரும் அமைத்த வைர முனை; அதன் தடம் நீண்டிருப்பினும், ஆழம் அந்நீளத்தில் முப்பதில் ஒரு பங்கேயாம். தடத்தை நுண்பெருக்கியால் அளப்பர்.

மூன்றாவதாக ஊசல் முறையும் உண்டு. இரு குண்டுகளைப் பூச்சின்மேல் ஊன்றி ஆடும் ஊசலின் அசைவை மென்மையான பூச்சு விரைவில் விழுங்கும். கடினமான பூச்சு நெடுநேரம் ஆடவிடும். கேனிக் ஊசல் 6 பாகையிலிருந்து 3 பாகைக்குக் குறையக் கண்ணாடியின்மேல் ஏறத்தாழ 250 விநாடி செல்லும்.

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சிமெண்டுப் பூச்சு சுண்ணாம்புப் பூச்சினும் கடினமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் காற்றில் விடும் இயல்பினது. நெகிழாத சிமெண்டு அவ்வீரத்தை உள்ளே அடைக்கும். பின்னர் வெடித்து, செங்கல்லின் முகத்தையும் உடன் பெயர்த்துக்கொண்டு விழும். கடினத்தை அளந்த கருவி இதனை முன்னறிவிக்காது. விரல் முட்டியால் தட்டுங்கால் வெற்றொலி எழுமாயின், பூச்சு சுவரை விட்டது என்று அறியலாம்.

ஆதலின் கொத்தனாரிடம் பொருள் கொடுக்குமுன் மூன்று வினாக்கள் வேண்டும்: பூச்சு எவ்வளவு கடினம்? அடியிலுள்ளது எவ்வளவு கடினம்? இரண்டும் ஒன்றோடொன்று இணங்குமா? மூன்றாவதை மறந்து முதலாவதை மட்டும் கேட்பவர், பூச்சினைக் காத்துச் சுவரை இழப்பர்.