இங்கேயும் நர்ஸ் ஆகலாம்: ஆர்.என். உரிமம் பெறும் வழி

சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு சகோதரியிடம் பேச நேர்ந்தது. ஊரில் ஆறு வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. "இங்கே முதலிலிருந்து படிக்கணுமாமே, இனிமேல் எங்கே?" என்றார். அப்படி இல்லை. பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதால் இம்முறை நலப்பக்கத்தில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

யார் விண்ணப்பிக்கலாம்?

நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர்களும், ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் ஆகியவற்றில் வகுப்பும் வார்டு பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஒரு பாடம் குறைந்தால் அதை மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லலாம். நீண்ட நாள் வேலையில் இல்லாதவர்களிடம் மறுபயிற்சி வகுப்பு கேட்கும் மாநிலங்களும் உண்டு. அதனால் தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிரமம்தான் கூடும்.

முதலில் மாநிலம்

தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். உரிமம் தருவது அந்தந்த மாநில நர்சிங் வாரியம். நியூஜெர்சியும் டெக்ஸாஸும் உங்கள் படிப்பை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் சரிபார்த்த அறிக்கையைக் கேட்கின்றன. பிலடெல்பியாவில் 1977-ல் தொடங்கிய சி.ஜி.எஃப்.என்.எஸ். இதில் பலருக்கும் தெரிந்த பெயர். கலிபோர்னியா வாரியம் கல்லூரியிலிருந்து பாட நேர விவரத்தை வாங்கித் தானே பார்த்துக்கொள்ளும். டெக்ஸாஸில் நர்சிங் சட்டம் குறித்த சிறு தேர்வு ஒன்றும் தனியாக உண்டு.

நியூஜெர்சியும் டெக்ஸாஸும் பல மாநிலங்கள் சேர்ந்த நர்ஸ் உரிம ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கலிபோர்னியா அதில் சேரவில்லை. ஆனாலும் ஒரு மாநிலத்தில் தேர்ச்சி பெற்றவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் தேர்வை மறுபடி எழுத வேண்டாம். அங்கே விண்ணப்பித்து உரிமம் பெறலாம்.

தேர்வைவிடக் கடினம் காகிதம்

மதிப்பெண் விவரம் உங்கள் கல்லூரியிலிருந்து நேராகப் போக வேண்டும். பதிவுச் சான்று சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். நீங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நகல் செல்லாது. இதற்கே பல மாதங்கள் ஆகிவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புடவைக் கடைக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்!

நம்மவர்களுக்கே உரிய தொல்லை இன்னொன்று: பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர். தேர்வுக்குப் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப் போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், 200 டாலர் கட்டணமும் போய்விடும். பெயரை முதலிலேயே சரிசெய்து கொள்ளுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

தேர்வின் பெயர் என்கிளெக்ஸ்-ஆர்.என். கணினியில் எழுத வேண்டும், ஐந்து மணி நேரம். 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். நீங்கள் பதில் சொல்வதைப் பொறுத்து அடுத்த கேள்வி எளிதாகவோ கடினமாகவோ அமையும். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சென்னையிலும் இதற்குத் தேர்வு மையம் உண்டு.

2023 ஏப்ரல் முதல், ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்துப் படிப்படியாக முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளும் சேர்ந்துள்ளன. மனப்பாடம் இங்கே உதவாது. உதாரணமாக, மூன்று நோயாளிகள். ஒருவருக்குத் தையல் போட்ட இடத்தில் வலி. ஒருவர் சர்க்கரை நோயாளி, காலை உணவு கேட்கிறார். இடுப்பு அறுவை முடிந்து இரண்டு நாளான ஒருவருக்குத் திடீரென்று மூச்சுத்திணறல். யாரிடம் முதலில் போவீர்கள்? மூன்றாமவரிடம். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் நர்ஸே கவனித்து முடிவெடுப்பதைத்தான் சோதிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை

உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு. ஹெச்-4 விசாவில் இருப்பவர் உரிமம் பெற்றாலும், வேலை அனுமதி அட்டை இல்லாமல் பணிக்குச் செல்ல முடியாது. பல மாநிலங்களில் செல்லும் ஒப்பந்த உரிமத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் தேவை. அதற்காகக் காகித வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். அட்டை கைக்கு வரும் நாளில் மற்றவை தயாராக இருக்கட்டும். உரிமம் கிடைக்கும்வரை பெயருக்குப் பின்னால் ஆர்.என். என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

அந்தச் சகோதரி அன்று இரவே தன் கல்லூரித் தோழிக்குப் போன் செய்தாராம். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது "எங்கே வலிக்குதும்மா?" என்று தமிழில் கேட்க ஒருவர் இருந்தால் எத்தனை ஆறுதல்! உங்களுக்குத் தெரிந்த நர்ஸ் யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.