கடலோரச் சேற்று உயிர்களும் நம் வயல் வண்டலும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நம் கண்மாய்களை நிரப்பியபின், மிகுதி நீர் வைப்பாற்றை அடைகின்றது. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. நம் வயலில் கரைந்த மண்ணில் ஒரு பகுதியும் அவ்வழியே செல்கின்றது.

இக்கடற்கரையில் ஆறுகள் கலக்குமிடங்களில், கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளித்தெரியும் சேற்றுத் திட்டுகளைக் காணலாம். பார்வைக்கு வெறும் சேறுதான். உள்ளே புழுக்களும், மட்டிகளும், நத்தைகளும், நண்டுகளும் நிறைந்திருக்கும். வயலில் மண்புழு செய்யும் வேலையை அங்கு கடற்புழு செய்கின்றது. வளை தோண்டி, சேற்றுக்குள் நீரையும் காற்றையும் செலுத்துகின்றது. மட்டி நீரை வடிகட்டி உண்கின்றது. இவற்றைத் தின்றே உள்ளான் முதலிய கரைப் பறவைகளும் பல மீன்களும் பிழைக்கின்றன.

வளர்ந்த மட்டி இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. ஆனால் அதன் குஞ்சுகள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பருவத்தில், இரண்டு மூன்று வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து சென்று வேறொரு திட்டில் இறங்கி வளர்கின்றன. அதாவது, ஒரு திட்டுக்கு நாற்றங்கால் இன்னொரு திட்டு. ஒன்று கெட்டால் அடுத்ததற்கு வரவேண்டிய நாற்றும் குறையும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டு கடல்வாழ் தேசியப் பூங்காவில் சேர்க்கப்பட்டன. நல்ல காரியமே. எனினும் தீவுகளை மட்டும் காத்து ஆற்று முகங்களைக் கைவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

நமக்கு இதில் என்ன பங்கு? நண்டும் இறாலும் பூச்சிகளுக்குப் பங்காளிகள். கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். ஆகவே பூச்சியைக் கொல்லும் மருந்து அவற்றையும் கொல்லும். பருத்திக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் நீரில் அதிகம் கரைவதில்லை. மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் மண் அரிக்கும்போது மருந்தும் உடன் போகின்றது. வண்டலின் பெரும்பகுதி வழியிலுள்ள கண்மாய்களிலேயே படிந்துவிடுவதால், கடலைச் சேர்வது மீதிதான். தங்கள் கண்மாயின் உயிர்கள்தான் முதலில் பாதிக்கப்படும்.

எனவே நாள் கணக்கு வைத்து மருந்தடிப்பதைத் தவிர்க்கவும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில் நாளொன்றுக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 நாட்கள் விழுந்தாலோ, 100 காய்களில் 10 காய்கள் தாக்கப்பட்டிருந்தாலோதான் மருந்து தேவை. மழை மேகம் திரண்டிருக்கும்போது தெளித்தால் மருந்தும் பணமும் ஓடையில்தான் போகும். சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்தி, நீர் வெளியேறும் மடையருகே வெட்டிவேர் நட்டால் வயல் மண் வயலிலேயே நிற்கும். தெளிப்பானைக் கண்மாயிலோ ஓடையிலோ கழுவக்கூடாது. கழுவிய நீரை, மருந்தடித்த அதே வயலில் பரவலாகத் தெளித்துவிடவும்.